மூன்றாம் மாடித் தண்ணீர்

சாவிகள் போகத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை. முதலில் வந்தவர் முதல் மாடிக்காரர். எப்போதும் உரிமையோடு குழாய்க்காரர் வீட்டுக்குள் வந்து, கட்டிலில் கிடக்கும் துணிகளை ஒதுக்கிவிட்டு உட்காருகிறவர். அன்றைக்கு வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

“பாய், என் வீட்டுச் சாவியக் கொஞ்சம் குடுங்க. மச்சான் வர்றான்.”

குழாய்க்காரர் சுவரில் இருந்த பலகையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“அவரு போனதும் கொண்டாந்து மாட்டிடுங்க சார்.”

“ஆங். பாக்கலாம்.”

மச்சான் வரவில்லை. சாவியும் வரவில்லை.

அந்தக் கட்டடத்தில் நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. கீழே வண்டி நிறுத்துமிடம். அதன் மூலையில், மோட்டார் அறையை ஒட்டி, காவலாளிக்கென்று கட்டிய இரண்டு அறைகளில் குழாய்க்காரர் பத்தொன்பது வருடமாகக் குடியிருந்தார். மனைவி வீட்டிலிருந்தபடியே துணிக்கடைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். ஒரே மகள் மருந்தாளுநர் படிப்பில் கடைசி வருடம். எந்த நேரத்தில் வந்தாலும் அந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கும். அதனால்தான் சாவிகள் அங்கே வந்து சேர்ந்தன.

தொடங்கி வைத்தது மூன்றாம் மாடி ரேடியோம்மா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்து மணிக்கு ரேடியோவைத் திருப்பினால் படுக்கிறவரை பாடும். குடிவந்த முதல் மாதத்திலேயே மூன்று தடவை கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். மூன்றாவது தடவை குழாய்க்காரர் பூட்டைக் கழற்றித் திறந்துவிட்டபோது, ஒரு சாவியைக் கொண்டுவந்து அவர் மனைவி கையில் திணித்தார்.

“இது உன் வீட்டுல கிடக்கட்டும்டீ. என் தலையை நம்பினா நான் தெருவுலதான் படுக்கணும்.”

அதைப் பார்த்து அடுத்த வீடு கொடுத்தது. பிறகு அதற்கடுத்த வீடு. இரண்டே வருடத்தில் பதினான்கு சாவிகள். குழாய்க்காரர் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்தார். எண் எழுதி மாட்டினால் திருடனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று, சாவிக்கு ஒரு நிறமாக மின்கம்பித் துண்டைச் சுற்றி வைத்தார். எது யார் வீட்டுச் சாவி என்பது அவர் மனைவிக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். சாவி கொடுக்காத இரண்டு வீட்டுக்காரர்களும் பெண்டாட்டியிடமே சாவி கொடுக்காதவர்கள். அவர்களை விட்டுவிடலாம்.

அந்த வியாழனுக்கு முந்தைய செவ்வாயன்று, தூரத்து நகரம் ஒன்றின் கடைத்தெருவில் குண்டு வெடித்தது. இருபத்துமூன்று பேர் செத்தார்கள். வைத்தவனின் படத்தை டிவியில் காட்டினார்கள். தாடி வைத்த முகம். குழாய்க்காரருக்கும் தாடி உண்டு. உலகத்தில் தாடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

“பாவி, எத்தனை வீட்டு அடுப்பை அணைச்சுட்டான்.”

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “நம்ம அடுப்புலயும் தண்ணிய ஊத்திட்டான்.”

“உனக்கு எப்பவும் கெட்டதுதான் முதல்ல தெரியும்” என்றார் குழாய்க்காரர்.

பிறகு தினமும் ஒருவர் வந்தார். நான்காம் மாடி டீச்சர் வீட்டில் வெள்ளையடிக்கப் போகிறார்களாம். இரண்டாம் மாடியில் ஒருவர் இன்ஷூரன்ஸ்காரனுக்கு எல்லாச் சாவியையும் காட்ட வேண்டுமாம். ஒருவர் தாமே வரக் கூச்சப்பட்டு எட்டு வயது மகளை அனுப்பினார்.

“அப்பா சாவி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லச் சொன்னாங்க” என்றது குழந்தை.

குழாய்க்காரரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்து, கன்னத்தைக் கிள்ளி அனுப்பினாள். கதவைச் சாத்திய பிறகு அவள் சிரிக்கவில்லை.

யாரும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் பதில் பேசியிருக்கலாம்.

முதல் மாடிக்காரர் விஷயம் மட்டும் குழாய்க்காரருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு வயதுக் குழந்தை அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அலறியது. குழாய்க்காரர் கடப்பாரையோடு ஓடினார். இரண்டே நிமிடம். கதவு நிலையோடு பெயர்ந்து விழுந்தது. அந்த மனிதர் குழந்தையை ஒரு கையிலும் குழாய்க்காரரை ஒரு கையிலும் அணைத்துக்கொண்டு, “நீங்க எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன்” என்றார். உடைந்த கதவை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் பலகையில் ஒரு சாவிதான் மிஞ்சியது. நீலக் கம்பி சுற்றியது. ரேடியோம்மாவுடையது.

அதற்கு அவர் மகன் வந்தான். வேறு நகரத்தில் வேலை. படிக்கிற காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாவிக்காக இந்த வாசலில்தான் நிற்பான். சாவி வாங்க வந்தவன் தட்டில் இருப்பதையும் தின்றுவிட்டுத்தான் மாடி ஏறுவான்.

“அங்கிள், தப்பா நினைக்காதீங்க. அம்மா வீட்டுப் பூட்டை மாத்திட்டேன். பழசு மக்கர் பண்ணுது.”

“நான்தானே தம்பி எண்ணெய் விடுறேன். நல்லாத்தானே இருந்துச்சு?”

“இல்ல அங்கிள். இது புது மாதிரிப் பூட்டு. நல்ல பாதுகாப்பு.”

“நல்லது தம்பி. அப்ப ஒரு சாவிய…”

“ரெண்டுதான் அங்கிள் குடுத்தான். ஒண்ணு அம்மாகிட்ட இருக்கு. இன்னொண்ணு என் ஃப்ரெண்டுகிட்ட. அவன் இங்கதான் இருக்கான், ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் பாலம் காலியாக இருந்தாலே ஒரு மணி நேரம்.

அவன் பழைய சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகு மனைவி வெறும் பலகையைப் பார்த்தாள். “பதினாலு ஆணி சும்மா கிடக்கு. இனிமே உங்க சட்டையத்தான் மாட்டணும்.”

“மாட்டு” என்றார்.

ரேடியோம்மா நான்கு நாள் கீழே இறங்கவில்லை. ஐந்தாம் நாள் குளியலறை ஜன்னல் வழியாக அவர் குரல் இறங்கியது.

“அடியே! என் மேல கோவமா?”

மனைவி பின்ஜன்னலைத் திறந்து அண்ணாந்தாள். “கோவம் என்னக்கா கோவம். உங்க பூட்டு, உங்க சாவி.”

“அவன் பூட்டுடீ. நான் தூங்கும்போது மாத்திட்டான். அவன் நாள் பூரா டிவி பாக்குறான். நான் ரேடியோ கேக்குறேன். வேற என்னத்தச் சொல்ல?”

“சாப்டீங்களாக்கா?”

“இப்படிக் கேட்டுக் கேட்டே என்ன அழ வெச்சிடு.”

ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள். நான்காம் மாடியில் டீச்சர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். குழாய்க்காரர் வழக்கம்போல், “டீச்சர், நான்தான்” என்று குரல் கொடுத்தபடி நுழைந்து சமையலறைக் குழாயின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தார். திரும்பினால், டீச்சரின் மருமகன் கைபேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

“யாரைக் கேட்டு உள்ள வந்த?”

“குழாய் ஒழுகுச்சு தம்பி…”

“யாரைக் கேட்டுன்னு கேட்டேன்.”

டீச்சர் மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணியோடு இறங்கி வந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம். “நம்ம பாய்தான்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். எதற்கெடுத்தாலும் ‘சட்டப்படி’ என்று தொடங்குகிறவர்.

“சட்டப்படி நீங்க செஞ்சது தப்பு பாய். எனக்கு உங்களத் தெரியும். நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. வீட்டுக்காரங்க இல்லாம, கூப்பிடாம, எந்த வீட்டுக்குள்ளயும் கால் வைக்க மாட்டேன்னு. உங்க நல்லதுக்குத்தான்.”

செக்ரட்டரியே எழுதி வைத்திருந்தார். குழாய்க்காரர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் கத்தினாள். “ஏன் வாப்பா போட்டீங்க? நீங்க என்ன திருடனா?”

“காலி பண்ணுன்னு சொல்லலியேன்னு சந்தோஷப்படு” என்றாள் மனைவி.

*

குழாய்க்காரர் வீட்டின் பின்ஜன்னல் ஒரு சந்தைப் பார்த்திருந்தது. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பதினாறு குழாய்கள் அந்தச் சந்து வழியாக இறங்கின. வீட்டுக்கு ஒரு குழாய், மேலே குழாய்க்கு ஒரு வால்வு. எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் அந்தச் சந்துக்குள்தான் திறந்தன.

பதினாறு குழாயின் சத்தமும் அவருக்குப் பாடம். யார் எழுந்தார்கள், யார் குளிக்கிறார்கள், யார் வீட்டில் விருந்தாளி என்று படுத்தபடியே சொல்லிவிடுவார். செக்ரட்டரி பல் தேய்த்து முடிக்கும்வரை குழாயை மூடமாட்டார். கூட்டத்தில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசுகிறவரும் அவர்தான்.

ஏதாவது பழுது பார்க்க வேண்டுமானால் குழாய்க்காரர் யாரையும் தேடி அலைவதில்லை. மேலே போய் அந்த வீட்டு வால்வை மூடுவார். வீட்டில் ஆள் இருந்தால் அரை நிமிடத்தில் ஜன்னலில் தலை முளைக்கும், வசவு பறக்கும். மணியடித்தால் திறக்காதவர்கள்கூடத் தண்ணீர் நின்றால் வந்துவிடுவார்கள். எல்லாரையும்விட முந்திக்கொள்வது ரேடியோம்மா. “யோவ் குழாய்க்காரரே! தண்ணிய விடுறியா, இல்ல நான் உன் வீட்டுக்குக் குளிக்க வரட்டுமா?” தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் பழகிய குரல். மாடிக்கு மாடி மோதி இறங்கும்.

அன்று புதன்கிழமை. மழை பிடித்துக்கொண்ட காலை. குழாய்க்காரர் அதிகாலைத் தொழுகை முடிந்து வந்து, பின்ஜன்னல் அருகில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மூன்றாம் மாடிக் குழாய் பேச ஆரம்பித்தது. ரேடியோம்மா குளிக்கப் போகிறார். வாளி நிறைய நான்கு நிமிடம். பிறகு நிற்கும்.

நிற்கவில்லை.

தேநீர் முடிந்தது. தண்ணீர் ஓடியது. மேலே ரேடியோ செய்தி சொல்லிற்று. செய்தி முடிந்து பாட்டு வந்தது. தண்ணீர் ஓடியது.

“மறந்துட்டாங்களோ?” என்றார்.

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். “யாரு?”

“மூணாம் மாடி.”

“அவங்களா? சொட்டுத் தண்ணிக்குக் கணக்குப் பாக்குறவங்களாச்சே.”

ஆறு நாற்பதுக்கு அவர் படியேறினார். ரேடியோம்மா வீட்டு வாசலில் செய்தித்தாள் கிடந்தது. மணியடித்தார். உள்ளே பாட்டு. மறுபடி அடித்தார். “அம்மா!” என்று கூப்பிட்டார். கதவில் புதுப் பூட்டு பளபளத்தது. அதன் மேல் கை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

மொட்டை மாடிக்குப் போனார். மழையில் தலை நனைந்தது. ரேடியோம்மா வீட்டு வால்வைப் பிடித்து மூடினார். குழாயின் சத்தம் மெலிந்து நின்றது. சந்தின் விளிம்பில் குனிந்து காதைக் கொடுத்தார். இப்போது அந்தக் குரல் வர வேண்டும்.

முப்பது வரை எண்ணினார். அறுபது வரை எண்ணினார். இருநூறு வரை எண்ணினார்.

மழைதான் பெய்துகொண்டிருந்தது.

*

கடப்பாரையை எடுக்க வீட்டுக்குள் வந்தபோது மனைவிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வழியை மறித்தாள். மடியிலிருந்த பொத்தான்கள் தரையெல்லாம் சிதறின.

“எங்க போறீங்க?”

“உள்ள விழுந்து கிடக்கிறாங்க. தண்ணிய நிறுத்தியும் சத்தம் இல்ல.”

“நீங்க உடைக்கக் கூடாது.”

“தள்ளு.”

“என்னங்க, நான் சொல்றதக் கேளுங்க. அவங்க உயிரோட இருந்தா சரி. இல்லேன்னா? உள்ள ஒரு உயிர் போயிருக்கு, வெளிய நீங்க கடப்பாரையோட நிக்கிறீங்க. கதவை உடைச்சது யாரு? முதல்ல பாத்தது யாரு? எல்லாத்துக்கும் ஒரே பதில். அப்புறம் யாரு உங்களுக்காகப் பேசுவா? டீச்சரா?”

அவர் அவளைத் தாண்டிக் கையை நீட்டிக் கடப்பாரையை எடுத்தார்.

“எழுதிக் குடுத்திருக்கீங்க. மறந்துட்டீங்களா?”

மகள் தலை சீவிக்கொண்டே அறையிலிருந்து வந்தாள். “என்னம்மா பேசுற? அவங்களுக்கு மூச்சு இருந்தா? வாப்பா, நீங்க உடைங்க. நான் கூட வர்றேன்.”

“நீ வாயை மூடுடி. உனக்குப் பரீட்சை இருக்கு. உன் அப்பனுக்குத் தாடி இருக்கு.” மனைவியின் குரல் உடைந்தது. “அவங்க எனக்கு அக்கா. எனக்கு மட்டும் வயிறு எரியலியா? செக்ரட்டரியக் கூப்பிடுங்க. நாலு பேர வெச்சுக்கிட்டு உடைங்க. அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான் கேக்குறேன்.”

அவள் கேட்டது ஐந்து நிமிடம்தான். அதை மறுக்கிற காரணம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

செக்ரட்டரி குளித்துவிட்டு வர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் முதல் மாடிக்காரரும் இன்னும் மூன்று நான்கு பேரும் மூன்றாம் மாடி நடையில் கூடிவிட்டார்கள். மாற்றி மாற்றி மணியடித்தார்கள்.

“ரேடியோ பாடுதே. தூங்குறாங்களோ என்னமோ” என்றார் ஒருவர்.

“அவங்க அஞ்சு மணிக்கே எந்திரிப்பாங்க” என்றாள் குழாய்க்காரரின் மனைவி.

“சட்டப்படி முதல்ல பையனுக்குத்தான் சொல்லணும்” என்றார் செக்ரட்டரி.

பையன் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். மணி ஏழு நாற்பது. எட்டுக்கு எடுத்தான். செக்ரட்டரி ஒலிபெருக்கியில் வைத்தார்.

“கதவை உடைக்கலாமா தம்பி?”

“யாரு உடைக்கிறது?”

எல்லாரும் குழாய்க்காரரைப் பார்த்தார்கள். செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். “இங்க எல்லாரும் இருக்கோம். பாயும் இருக்காரு.”

“வேணாம் சார். நல்ல கதவு, புதுப் பூட்டு. என் ஃப்ரெண்டுகிட்ட சாவி இருக்கு. இப்பவே அனுப்புறேன். அரை மணி நேரத்துல வந்துடுவான். அம்மா பாத்ரூம்ல இருப்பாங்க. அவங்களுக்குக் காது வேற சரியாக் கேக்காது.”

“அவங்களுக்கா காது கேக்காது?” என்றாள் மகள் சத்தமாக. மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

போன் நின்றது. குழாய்க்காரர் கடப்பாரையைச் செக்ரட்டரி பக்கம் நீட்டினார்.

“சார், நான் வேணாம். நீங்க உடைங்க. நான் எங்க வெச்சு நெம்பணும்னு சொல்றேன். ஒரே நெம்பு.”

செக்ரட்டரி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “எனக்கு முதுகு சரியில்ல பாய்.”

முதல் மாடிக்காரரிடம் நீட்டினார். “சார், நீங்க?”

அவர் கடப்பாரையைப் பார்த்தார். குழாய்க்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. “சாவிதான் வருதே. எதுக்கு அவசரப்பட்டுக்கிட்டு.”

குழாய்க்காரர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அதன் பக்கத்தில் தானும் சாய்ந்து நின்றார். மழை வலுத்தது. பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்து வழி அடைத்துக்கொண்டதாக நண்பன் போனில் சொன்னான். உள்ளே ரேடியோ சமையல் குறிப்பு சொன்னது, வானிலை சொன்னது, நேயர் விருப்பம் போட்டது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மகள் மட்டும் பரீட்சைக்குப் போகாமல் கதவில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு ஒரு தடவை திரும்பி, “வாப்பா” என்றாள். அவர் கடப்பாரையைத் தொட்டார். மனைவி அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் குழந்தை கூட்டத்தில் பிடித்துக்கொள்கிற மாதிரி.

ஒன்பது இருபதுக்குச் சாவி வந்தது.

ரேடியோம்மா குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பு ஒடிந்திருந்தது. கவிழ்ந்த வாளி, தரையெல்லாம் தண்ணீர், விறைத்துப்போன உடம்பு. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. குழாய்க்காரரின் மனைவிதான் முதலில் உள்ளே போனாள். தன் தலைத்துணியை உருவி அவர் மேல் போர்த்தினாள். “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டாள்.

குழாய்க்காரர் நடையிலேயே நின்றார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

*

ஒடிந்த இடுப்பைவிட ஈரம்தான் வேலை செய்தது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் குழாய்க்காரர் மருத்துவமனைக்குப் போனார். போவதா வேண்டாமா என்று எட்டு நாள் யோசித்திருந்தார். மகன் கட்டிலருகே இருந்தான். எழுந்து நின்றான்.

“வாங்க அங்கிள்” என்றான். பிறகு, “அம்மா உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாங்க” என்றான். பிறகு மருந்து வாங்கப் போவதாக வெளியே போனான்.

ரேடியோம்மாவின் குரல் போயிருந்தது. மூச்சுதான் வார்த்தையாக வந்தது. அவர் குனிந்து காதை அருகில் கொண்டுபோனார்.

“கூப்பிட்டேன்” என்றார் ரேடியோம்மா. “எனக்கே கேக்கல.”

“பேசாதீங்கம்மா.”

“தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. மேல எல்லாம். அப்புறம் நின்னுச்சு.” மூச்சு வாங்கினார். “நீதானே?”

அவர் தலையசைத்தார்.

“தெரியும். தண்ணி நின்னதும் நினைச்சேன். குழாய்க்காரருக்குத் தெரிஞ்சிடுச்சு. இப்ப வந்துடுவான்.” கண்ணை மூடினார். “அதுக்கப்புறம் நான் பயப்படல. பாட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினேழு பாட்டு.”

அவர் வாயைத் திறந்தார். தான் வால்வை மூடியது ஒரு கேள்வி என்று சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிறீர்களா என்று கேட்டேன் அம்மா, வருகிறேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏன்யா அவ்வளவு நேரம்?” என்றார் ரேடியோம்மா. கோபமில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரிதான் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

பன்னிரண்டாம் நாள் இறந்தார்.

உடலைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கிடத்தினார்கள். எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். குழாய்க்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர்ப் பானை வைத்தார், மோட்டார் அறைப் பக்கம் ஒதுங்கி நின்றார். பேச்சு அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் பேசினார்களோ என்னவோ.

“ரெண்டரை மணி நேரம் வாசல்ல நின்னாராம். கையில கடப்பாரைய வெச்சுக்கிட்டு.”

“எத்தனை வருஷம் அந்தம்மா அவங்க வீட்டுக்குச் செஞ்சிருக்கும்?”

முதல் மாடிக்காரர் தலையை ஆட்டினார். “என் குழந்தைக்கு ரெண்டே நிமிஷத்துல உடைச்சாரு. அந்த மனுஷனே இப்ப மாறிட்டாரு பாருங்க. அவங்க இப்பல்லாம் நம்மோட ஒட்டுறதே இல்ல.”

குழாய்க்காரர் காலியான பானையை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனார்.

எடுத்துப் போன பிறகு மாலையில் மழை விட்டிருந்தது. மகள் அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தப் புதன்கிழமையிலிருந்து அவள் அம்மாவோடு பேசுவதில்லை. மனைவி தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே பொத்தானை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

“என்னங்க.”

“ம்.”

“அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே. அக்கா உங்க காதுல என்னமோ சொல்றத, மருந்தோட திரும்பி வந்தப்ப பாத்ததா அந்தப் பையன் சொன்னான். என்ன சொன்னாங்க?”

அவர் அவளைப் பார்த்தார். ஊசி பிடித்த கை அப்படியே நின்றிருந்தது. பன்னிரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்த கை அது.

“ஒண்ணுமில்ல. பேச்சு வரல அவங்களுக்கு.”

“என் மேல கோவமா சொன்னாங்களா?”

“சேச்சே.”

“பின்ன என்ன சொன்னாங்க? உண்மையச் சொல்லுங்க.”

“தண்ணி கேட்டாங்க” என்றார்.

அவள் மூச்சை விட்டாள். குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

“குடுத்தீங்களா?”

“குடுத்தேன்” என்றார் குழாய்க்காரர்.